மாமாவோடு நீ செய்யும் பெட்டி

வட்டக்கச்சி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் சுஜிதனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், மாடும் கன்றும் சுகம், வயலும் இதுவரை சுகம். நீயும் மருமகள் நிரோசினியும் அதேபோல நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும், அதற்குத்தான் அம்மா வெள்ளிக்கு வெள்ளி விளக்கு வைக்கிறா. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். போனில் கதைக்கலாம்தான். ஆனால் போன் எடுத்தால் முதலில் அம்மா பறித்துக்கொள்கிறா, மிச்ச நேரத்தில் உன் மாமனார் பக்கத்தில் நின்று “ஓம் சம்மந்தி, சொல்லுங்கோ சம்மந்தி” என்று நடுவில் வந்துவிடுகிறார். நான் உன்னோடு கதைக்கிறேனா அவரோடு கதைக்கிறேனா என்று எனக்கே விளங்குவதில்லை. கடிதத்துக்குள் அவர் வரமாட்டார், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வளவு லக்சிகா லீவு முடிந்து வருகிற கிழமை கனடாவுக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். இதை நீ தனியே இருந்து வாசி.

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இந்தமுறை ஒழுங்காக வருகிறது. பயிர் நல்ல பச்சையாக நிற்கிறது, மயில்தான் கூட்டமாக வந்து மிதித்துவிட்டுப் போகிறது, அதைச் சுடவும் ஏலாது, கும்பிடவும் மனம் வராது. அம்மாவுக்கு முழங்கால் நோ விட்டபாடில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் “நாளைக்குப் பாப்பம்” என்கிறா, அந்த நாளை இன்னும் வரவில்லை. நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பா, நான் சொன்னால் அது அவவுக்குக் காற்று வாக்கில் போகிற கதை. எங்கள் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்குப் பெல்ற் மாற்றினேன். அது இழுக்கிற பெட்டியின் தரைப்பலகை ஒன்று உக்கிப்போனது, அதையும் மாற்றினேன். பெட்டி என்று எழுதியதும் கை நின்றுவிட்டது, இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அம்மாவின் போனுக்கு அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் மேசை போட்டு, நீயும் உன் மாமனார் ஞானப்பிரகாசம் மாமாவும் எதிரெதிரே இருந்து, உன் விளையாட்டுச் சின்ன உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொழுவுவதற்கு ஒரு சின்னப் பெட்டி செய்கிறீர்கள். றிமோட்டை அமத்த அது தன்பாட்டில் ஓடுகிறதும் திரும்புகிறதும் எனக்கும் அதிசயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் வண்டியைப் பார்க்கவில்லை. நீ பக்கத்தகட்டைப் பொருத்துகிறாய், அவர் மற்றக் கரையில் பிடித்துக்கொண்டு இருக்கிறார். “பொறுங்கோ தம்பி, கொஞ்சம் உங்காலை தள்ளுங்கோ” என்கிறார், நீயும் ஓம் ஓம் என்று தள்ளுகிறாய். பிறகு உன் கன்னத்தில் தகரத்தூள் ஒட்டியிருக்கிறது என்று தன் தோளில் கிடந்த துவாயால் துடைத்துவிடுகிறார். நீ தலையை விலக்கவில்லை, சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிறாய். அந்த இடத்தை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து “எவ்வளவு பட்சமான மனிசன்” என்று கண்கலங்கினா. நான் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். மாடு ஏற்கனவே குடித்திருந்தது.

எனக்குப் பொறாமை, மகன். அதை மூடி மறைத்து மரியாதையாக எழுத எனக்குத் தெரியாது. வயிறு எரிந்தது. அவர் நல்ல மனிதர்தான், முல்லைத்தீவுக் கடலில் பாடுபட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர், உன்னைத் தன் பிள்ளை போல வைத்திருக்கிறார், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தால் எரியாதா? இன்னும் கூடத்தான் எரிகிறது. அவர் ஒரு பொல்லாத மனிதராக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன். வள்ளமும் வலையுமாக இருந்தவருக்கு நெல்லு ஏற்றுகிற பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று அம்மாவிடம் கேட்டேன். “தெரியாட்டிலும் பக்கத்திலை இருக்கிறார்தானே” என்று அம்மா சொன்னா. அவ சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னா, எனக்கு அது அன்று முழுக்க முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆவணியில் வருவேன் என்று சொன்ன நீ, இந்தமுறையும் வர ஏலாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. சின்ன வண்டி ஓட்டுகிற ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அந்த மாதம் கண்காட்சி வைக்கிறார்களாம், நீயும் மாமாவும் பெட்டியைக் கொண்டு போகிறீர்களாம். அம்மா உனக்காக வக்காலத்து வாங்குகிறா. “பிள்ளைக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே, குளிருக்குள்ளை வேலை வேலையெண்டு கிடக்கிறான்” என்கிறா. வேணும்தான். ஆனால் இங்கே ஒரு மனிதன் உனக்காகக் கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான் என்று ஒரு யோசனை வரவில்லையா உனக்கு? ஒரு கைப்பெட்டி அளவு தகரத்துக்குத் தோற்றுப்போனேனே என்று எனக்கு வந்த கோபத்தில் அம்மா ஊற்றித்தந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன்.

கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இராது, அது உனக்குத் தெரியும். அவர் செய்தால் நான் செய்யமாட்டேனா என்று எங்கள் பெட்டியை நூல் பிடித்து அளந்தேன். நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் பத்தாகப் பிரித்து ஒரு பங்கு எடுத்தேன். நீங்களும் அந்தக் கணக்கில்தான் செய்வதாக நீ வீடியோவில் சொன்னாய். சந்தியில் வெல்டிங் கடை வைத்திருக்கிற பழனியாண்டியிடம் போனேன், இந்தச் சுற்றுவட்டாரத்தில் முக்கால்வாசிப் பெட்டிகள் அவன் கையால் வந்தவை. எண்ணெய்த் தகரத்தை வெட்டி, மடித்து, மூலைகளை ஈயத்தால் ஒட்டி, சைக்கிள் கம்பியில் அச்சு வைத்து, பழைய செருப்பில் வட்டமாகச் சில்லு வெட்டி, பின்கதவு திறந்து மூடுகிற மாதிரி பிணைச்சலும் போட்டோம். வேலை நேரத்தில் வந்து நிற்கிறேன் என்று அவன் முறுமுறுத்தாலும், பிறகு தன் வேலையை விட்டுவிட்டு இதிலேயே குந்திவிட்டான். நீங்கள் சில்லைக் கடையில் வாங்கிப் பூட்டியிருக்கிறீர்கள், அதில் உன் மாமாவின் கைவேலை என்ன இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தா. பிறகு போனை எடுத்து வீடியோவையும் ஒருதரம் பார்த்துவிட்டு, “ஏனப்பா, அவன்ர மிசினிலைதான் தொப்பியோடை ஒரு பொம்மை குந்தியிருக்குதே, பெட்டியிலை இந்தக் கதிரை ஆருக்கு?” என்று கேட்டா. நான் வாழ்நாளில் ஓட்டியது லான்ட்மாஸ்ரர் மட்டும்தானே. அதற்கு முன்னால் இரண்டு சில்லும் இரண்டு கைபிடியும்தான், ஓட்டுகிறவன் இருப்பது பெட்டியின் முன்தலைப்பில் உள்ள இருக்கையில். உன்னுடையது நாலு சில்லு வண்டி, சாரதிக்கு அதிலேயே இடம் இருக்கிறது என்பது வீடியோவில் கண்ணுக்கு முன்னால் கிடந்தும் என் மண்டையில் ஏறவில்லை. இருக்கை இல்லாத பெட்டியை நான் நினைத்தே பார்க்கவில்லை. பழனியாண்டியும் ஒரு கேள்வி கேட்காமல் ஒட்டித்தந்துவிட்டான், அவனும் இந்த ஊர்க்காரன்தானே. அம்மா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறி, நான்தான் தண்ணீர் எடுத்துக்கொடுத்தேன். கழற்றிவிடுவோமா என்று கேட்டா. கழற்றமாட்டேன் என்று சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா போன் எடுத்தார். நீ வேலைக்குப் போயிருந்தாய், அவர் எடுத்தது உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். சுகம் விசாரித்தார், அம்மாவின் காலை விசாரித்தார், பிறகு மெல்லக் கதையைத் தொடங்கினார். “சம்மந்தி, ஒரு சின்ன உதவி. தம்பி பெட்டியின்ர முன்பக்கத்திலை ஒரு கதிரை வைக்கவேணுமெண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறார். மிசினிலை ட்ரைவர் இருக்கேக்கை இது என்னத்துக்கெண்டு கேட்டன். அப்பான்ர பெட்டியிலை இருந்தது, அது இல்லாட்டி அது பெட்டியே இல்லையெண்டு சொல்லுறார். அவருக்குச் சொல்லாமல் செய்து வைச்சு ஆளைத் திகைக்க வைக்கப்போறன், அதின்ர உயரம் எவ்வளவெண்டு ஒருக்காச் சொல்லுவியளே?” என்று கேட்டார்.

நீ எங்கள் பெட்டியைத்தான் செய்கிறாய் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வேறு ஒரு தகப்பன் என்றால் குளிர்ந்துபோயிருப்பான். பக்கத்தில் நின்று கேட்ட அம்மா அழுதேவிட்டா. நானும் சந்தோசப்பட்டது உண்மைதான். ஆனால் பொறாமை போகவில்லை மகன், இன்னும் கூடிவிட்டது. பெட்டி என்னுடையது, பிள்ளை என்னுடையவன், இரண்டையும் மேசையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை சனிக்கிழமையாக எதிரே இருப்பவர் அவர். என் பங்குக்கு வந்தது என்ன, ஒரு கதிரையின் உயரம். அதையும் போனில் கேட்டு வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார். “எனக்கு ஞாபகமில்லை சம்மந்தி, அளந்துதான் பாக்கவேணும், பெட்டி இப்ப வயலிலை நிக்குது” என்று சொல்லிவிட்டேன். அந்த நேரம் நான் செய்த சின்னப் பெட்டி என் மடியில் இருந்தது, கதிரையில் என் பெருவிரல் இருந்தது. பாவம் மனிதர், “பரவாயில்லை, ஆறுதலா அளந்து சொல்லுங்கோ” என்று வைத்துவிட்டார். அம்மா என்னை முறைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டா.

நான் அவருக்கு அளவு சொல்லப்போவதில்லை. நீ குறைநினைத்தாலும் காரியமில்லை. இந்தக் கடிதத்தோடு என் பெட்டியை அனுப்பிவைக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன், உன் கண்காட்சியில் அவருடையதைக் கழற்றிவிட்டு என்னுடையதைக் கொழுவு என்று கேட்கிற அளவுக்குக்கூட மனம் போனது. பிறகு நினைத்தேன், அனுப்பினால் அதையும் அந்த மேசையில் வைத்து நீங்கள் இரண்டு பேரும்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள், “சம்மந்தி நல்லாச் செய்திருக்கிறார்” என்று அவர் சொல்லுவார், அதோடு சரி. எனக்கு அந்தப் பாராட்டு வேண்டாம். தகட்டின் ஒரு கரையை நீ பிடிக்க, மற்றக் கரையை நான் பிடிக்கவேண்டும், எனக்கு அதுதான் வேண்டும். பொறுங்கோ தம்பி என்றெல்லாம் எனக்குச் சொல்லவராது, பிழையாகப் பிடித்தால் ஏசுவேன், நீ அதற்குப் பழகினவன்தானே.

கண்காட்சிக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சந்தோசமாகப் போ, மாமாவையும் கூட்டிக்கொண்டு போ, மனிதர் மினக்கெட்டிருக்கிறார். ஆனால் அது முடிந்த கையோடு வா. நெல் வெட்டுத் தொடங்க எப்படியும் கொஞ்சம் பிந்தும், நீ வந்துவிடலாம். நிரோசினியையும் கூட்டிவா. மாமாவும் வர ஆசைப்பட்டால் வரட்டும், அவருக்கு நல்ல மரியாதை செய்வோம், குளத்து மீன் வாங்கி அம்மா குழம்பு வைப்பா. நாங்கள் பெட்டிக்குச் சில்லுப் பூட்டுகிற நேரம் மட்டும் அவர் குசினியில் அம்மாவோடு இருந்து கதைத்துக்கொண்டிருக்கட்டும்.

உடம்பைக் கவனி. தகரம் வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடு, அந்தப் பசை மணத்தை அடைத்த அறைக்குள் இருந்து இழுக்காதே. மருமகளோடு ஒரு நேரமாவது இருந்து சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல் நீடூழி வாழவேண்டும், பிள்ளையார் எப்போதும் உங்களுக்குத் துணை நிற்பார். அம்மா தன் அன்பையும் முத்தங்களையும் எழுதச் சொல்லி மூன்றாம் தரமும் ஞாபகப்படுத்திவிட்டா.

கடைசியாக ஒன்று. லக்சிகா இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் தருவாள். அதற்குள் செருப்பில் வெட்டின சில்லு இரண்டும் இருக்கின்றன, வேறு ஒன்றும் இல்லை. தொலைத்துவிடாதே, வரும்போது மறக்காமல் கொண்டுவா, அது இல்லாமல் இங்கே பெட்டி நிலத்தில் கிடக்கிறது. இதென்ன, சம்மந்தி சில்லு மட்டும் அனுப்பியிருக்கிறார் என்று மாமா கேட்பார். மிச்சம் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லு.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
க. வீரகத்தி