வேலியோடு நின்ற தீ

அன்புள்ள அக்கா,

வீடு தப்பித்துவிட்டது! முதலில் அதைப் படித்துவிடு, மற்றதெல்லாம் பிறகு. கூரையில் ஒரு ஓடுகூட விரிசல் விடவில்லை. உன் தையல் மெஷின், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன. நீ என் ஃபோனை எடுப்பதில்லை. அதனால் நீயும் பிள்ளைகளும் தீக்குத் தப்பித் தங்கியிருக்கும் முகாமுக்கு உன்னை அழைத்துவர வரும் அத்தானிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மதியம் காற்று திரும்பியதும் மலைச்சரிவிலிருந்து தீ நேராக உங்கள் பக்கம் இறங்கியது. எங்கள் தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது பக்கத்துத் தோட்டம் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் உங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் தீக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. வெறும் மண். அப்படியே தணிந்து தரையோடு தவழ்ந்தது. தண்ணீரை அடித்து அணைத்துவிட்டோம்.

அது எப்படி வெறும் மண்ணானது என்று உனக்குத் தெரியும். வெளியில் தீ மூட்டத் தடை இருக்கும்போது சருகு கொளுத்தியதற்காக அத்தான்மேல் வழக்குப் போட்டேன். வீட்டைச் சுற்றியிருந்த காய்ந்த புல்லையும் அகற்ற வைத்தேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். அந்தப் பேச்சு இன்றைக்கு வேண்டாம்.

அத்தான் முகமெல்லாம் கரியோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தப் புல்லு இருந்திருந்தா வீடு போயிருக்கும்மா," என்றார். பிறகு, "உங்கக்காகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா, உனக்குப் பரிஞ்சு பேசுறேன்னு சண்டைக்கு வருவா," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

நாளைக் காலை நீ வரும்போது தீ மறுபடி கிளம்பாமல் பார்த்துக்கொள்ள நான் உங்கள் வாசலில் பணியில் இருப்பேன். உள்ளே வந்து சாப்பிடச் சொல்லி அத்தான் கூப்பிட்டுவிட்டார். நீயும் கூப்பிட்டால் வருகிறேன்.

உன் தங்கை