தொட்டிக்கு உயிர் வந்துவிட்டது

என் அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, சளி கூடப் பிடிக்கவில்லை, ஆகவே என் நலத்தை அத்தோடு விட்டுவிட்டு உன் முழங்காலுக்கு வருகிறேன். கட்டு பிரித்துவிட்டார்களா, வீக்கம் வடிந்ததா, மாடிப்படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறாய்? போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து நல்லாயிருக்கேம்மா என்கிறாய், நானும் சரிப்பா என்கிறேன், பிறகு இரண்டு பேரும் யார் முதலில் வைப்பது என்று காத்திருக்கிறோம். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது நடுவில் யாரும் வைத்துவிட முடியாது பார்.

இங்கே வீட்டுச் சேதி அதிகம் இல்லை. உன் சித்தி கண்ணில் புரை எடுத்துக்கொண்டு இப்போது எல்லார் முகத்திலும் சுருக்கம் தெரிகிறது என்று புலம்புகிறாள், என்னைப் பார்த்ததும் "அக்கா, நீ எப்ப இப்படிக் கெழவியான?" என்று கேட்டே விட்டாள். கீழ் வீட்டுக்காரர்கள் காலி செய்து போய்விட்டார்கள். அவர்கள் இருந்தபோது தொலைக்காட்சிச் சத்தம் என்று தலையில் அடித்துக்கொள்வேன், இப்போது குளிர்சாதனப் பெட்டி நின்று ஓடுவது கூடக் கேட்கிறது. ஒரு ஆளுக்குச் சமைக்க எனக்கு இன்னும் கை வரவில்லை, அப்பா போய் இத்தனை காலம் ஆகியும் அளவு மிஞ்சிவிடுகிறது, மறுநாள் அதையே சுடவைத்துச் சாப்பிடுகிறேன். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்றித்தான் பஸ் ஏறுகிறேன், ஆனாலும் என் வேலை தெரிந்தவர்கள் பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஒரு வசதிதான், காலை நீட்டி உட்காரலாம்.

உன் முழங்கால் ஆபரேஷனுக்கு நான் ஏன் அன்று விமானம் ஏறி வரவில்லை என்று உனக்குச் சரியாகச் சொல்லவே இல்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் போன் செய்து வேலையில் மாட்டிக்கொண்டேன் என்று மட்டும் சொன்னேன். நீ "பரவாயில்லம்மா" என்றாய். அந்தச் சொல்லை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். நீ லீவு கிடைக்கவில்லை என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நான் சொன்னது அதுதான். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு என் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அன்று உன் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்றும் தெரியும். நீ வளர்ந்த பிறகு முதல் தடவையாக "நீ வர்றியாம்மா" என்று கேட்ட விஷயம் அது. அப்படியிருந்தும் ஏன் வரவில்லை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு என் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும், சின்ன வயதில் அம்மாவுக்குத் தண்ணீர் ஆபீசில் வேலை என்று சொல்லிச் சமாளித்ததோடு நாம் இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை.

ஊர் குளித்த தண்ணீர், துவைத்த தண்ணீர், கக்கூஸ் தண்ணீர் எல்லாம் குழாய் வழியாக எங்களிடம் வருகிறது. முதலில் கம்பித் தடுப்பு, அங்கே துணி, முடி, பிளாஸ்டிக், ஒரு தடவை பல் செட்டு கூட மாட்டியது, யாரும் கேட்டு வரவில்லை. அடுத்த தொட்டியில் மணல் இறங்கும், அதற்கடுத்ததில் தண்ணீர் அசையாமல் கிடந்து கனமான கழிவு அடியில் படியும். அதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். நிஜமான வேலை காற்றுத் தொட்டியில். அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, தண்ணீரில் கரைந்த அழுக்கைத் தின்பது அவைதான். அவை மூச்சுவிட நாங்கள் அடியிலிருந்து காற்று ஊதுகிறோம். தின்று கொழுத்துக் கூட்டமாக ஒட்டிக்கொண்டு அடுத்த தொட்டியில் சேறாக அடியில் இறங்கும், தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும், அதற்குக் குளோரின் போட்டு ஆற்றில் விடுவோம். சேற்றில் ஒரு பங்கைத் திரும்பக் காற்றுத் தொட்டிக்கே அனுப்புவோம், மறுபடி தின்ன ஆள் வேண்டுமே. ஆபரேட்டர் வேலை என்பது பட்டன் அமுக்குவது என்று நினைப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தீனி, மூச்சு, நெரிசல் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதுதான் வேலை. மாடு வளர்ப்பது மாதிரிதான், ஆனால் மாடு கத்தும்.

அன்று உன்னிடம் வர எடுத்த லீவுக்கு முன் எனக்குக் கடைசி ஷிப்ட். பெட்டி கட்டி ஓய்வறையில் வைத்திருந்தேன், முடித்ததும் நேரே கிளம்ப வேண்டியது. உள்ளே நுழைந்ததும் வாசனை சரியில்லை. நல்ல தொட்டி மழை பெய்த மண் மாதிரி மணக்கும், அன்று மூக்கில் ஊசி குத்தியது. காபிக் கலரில் இருக்க வேண்டிய தண்ணீர் சாம்பலாக, மேலே வெள்ளை நுரை. தண்ணீரில் எவ்வளவு காற்று கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தேன், முள் ஏறிக்கொண்டே போகிறது. என்னோடு இருந்த ஆபரேட்டர், ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர், "நல்லதுதானக்கா, காத்து நெறையா இருக்கு" என்றான். நல்லதில்லை. மூச்சுவிட ஆள் இருந்தால் காற்று செலவாகும். ஆளில்லாத வீட்டில்தான் காற்று மிஞ்சும். யாரோ குழாயில் அமிலம் கொட்டியிருக்கிறார்கள். ஒரு தொட்டி முழுக்கச் செத்துவிட்டது, இன்னொன்று குற்றுயிராகக் கிடந்தது.

வந்த தண்ணீரை மழைக்காலத்துக்கென்று கட்டியிருந்த காலித் தொட்டிக்குத் திருப்பினோம். ஆனால் ஊர் நிற்குமா? யாராவது குளித்துக்கொண்டேதான் இருப்பார்கள். அந்தத் தொட்டியும் நிரம்பினால் சாக்கடை அப்படியே ஆற்றுக்குப் போகும், அடுத்த திருப்பத்திலேயே ஜனங்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குதித்து விளையாடுகிறார்கள். எங்கள் இன்ஜினியர் புதுசு, நல்ல மனுஷன். என் பெட்டியைப் பார்த்தார். "நீங்க போங்கம்மா, பையனுக்கு ஆபரேஷன். நீங்க இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும், ஆனா இருங்கன்னு என் வாயால கேக்க மாட்டேன்" என்றார். அவர் கேட்டிருந்தால் கூடக் கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். கேட்காததால் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உன்னைப் பார்த்துக்கொள்ள டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், இங்கே ரேடியோ ஒருத்தன்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உனக்குப் போன் செய்தேன். அது சரியா தப்பா என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை, ராசா.

அமிலம் எங்கிருந்து வந்தது என்று இன்ஜினியர் தெருவில் சாக்கடை மூடி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போய் ஒரு உலோகப் பாலிஷ் பட்டறையைப் பிடித்தார். மூடப்போகும் பட்டறை, அதன் முதலாளி பழைய அமிலத் தொட்டிகளைச் சாக்கடையில் காலி செய்திருக்கிறார். "ஊத்துனா போயிடும்னு நெனச்சேன் சார்" என்றாராம். எங்கே போகும், என்னிடம்தான் வரும்.

செத்த தொட்டிக்கு உயிருள்ள சேறு கடன் வாங்கத்தான் வேண்டும். ஆற்றில் எங்களுக்கு மேலே இருக்கும் அடுத்த ஊர் நிலையத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். வருஷக்கணக்காகப் போனில் பழக்கம், அவர் என்னைக் கீழ் ஸ்டேஷன் என்பார், நான் அவரை மேல் ஸ்டேஷன் என்பேன், மழை வந்தால் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வோம், முகம் பார்த்ததில்லை. டேங்கர் லாரியில் சேற்றை நிரப்பிக்கொண்டு அவரே வந்து இறங்கினார். அந்தக் கனத்த குரலுக்கு ஒரு பயில்வானை எதிர்பார்த்திருந்தேன், வந்தது குச்சி மாதிரி ஒரு மனுஷன். அவரும் என்னை ஏற இறங்கப் பார்த்து "போன்ல நீங்க இன்னும் ஒசரமா இருந்தீங்க" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு பல நாள் அவர் லாரி வந்து போனது. குற்றுயிராய்க் கிடந்த தொட்டிக்கு நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக அழுக்குத் தண்ணீர் விட்டோம், ஊர் ஜனங்களிடம் தண்ணீரைக் குறைத்துப் புழங்கச் சொல்லி இன்ஜினியர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அனுப்பினார், பாதிப் பேராவது கேட்டார்கள். மழைத் தொட்டி விளிம்பு வரைக்கும் வந்தது, தாண்டவில்லை. ஒருநாள் காலை ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மணி மாதிரி ஒரு பூச்சி, அடியில் நூல் போலக் காம்பு, சுருங்கிச் சுருங்கி நீள்கிறது. அது இருந்தால் தொட்டி பிழைத்துவிட்டது என்று அர்த்தம். "வந்துட்டியா" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அறையில் ஒருத்தரும் இல்லை. உனக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன், அங்கே நீ தூங்குகிற நேரம், வைத்துவிட்டேன். சந்தோஷம் வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தரையைக் கழுவினேன்.

லாரி கடைசியாக வந்த அன்று மேல் ஸ்டேஷன்காரர் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். அவருக்கும் ஒரே மகள், தூரத்தில். "போறதுக்கு ஒரு காரணம் கெடைக்கட்டும்னு இருந்தேன், அவ ஒரு காரணமும் குடுக்கல, நல்லா இருக்கா பாவி" என்றார். நான் பெட்டி கட்டிய கதையைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, ஒரு மாசம் நான் இங்கயும் வந்து பாத்துக்கறேன். ஒங்க ரேடியோகிட்ட மட்டும் கொஞ்சம் வாய மூடச் சொல்லிட்டுப் போங்க" என்றார். இன்ஜினியரும் ஒப்புக்கொண்டு லீவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆனால் உன் கால் இதற்குள் தேறியிருக்கும். நீயே கடைக்குப் போகிறாய், நீயே சமைக்கிறாய். பிடித்து நடத்திவிட ஆள் வேண்டிய நாட்களில் யார் வந்து பிடித்தார்கள் என்று நீ சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தைரியமில்லை. இப்போது நான் வந்து செய்ய அங்கே வேலை ஒன்றும் இருக்காது. சும்மா உன் எதிரில் உட்கார்ந்திருக்கத்தான் வர வேண்டும். அப்படி வரட்டுமா?

உன் காலும் கையும் உடம்பும் மனசும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், நூறு வயது நீ நடக்க வேண்டும். பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதே, தாளில் துடைத்துக் குப்பையில் போடு, அங்கேயும் கடைசியில் என்னைப் போல ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அம்மா