இரண்டு அட்டை மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கால் எரிச்சல் குறைந்ததா? என் பாப்பா உங்களிடம் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

தைக்கும்போது விரல் மரத்துப்போகிறது என்றதும் பி சத்து மாத்திரை கொடுத்தனுப்பினீர்களே. சீக்கிரம் குணமாகட்டும் என்று இங்கேயும் வேறொரு சத்து மாத்திரை வாங்கி, ஒன்றரை வருடம் இரண்டையும் விழுங்கினேன். இரத்தம் பரிசோதித்த டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் படித்துப் பார்த்தார்.

"உனக்குக் குறைஞ்சது பி12. இந்த ரெண்டுலயுமா சேர்த்து நீ அள்ளிப் போட்டது பி6. அது கூடிப்போனா நரம்பையே கெடுத்துடும்மா."

இரண்டையும் நிறுத்திவிட்டு, பி12 ஊசி மட்டும் போடுகிறார். விரல் சரியாகுமா என்று கேட்டேன். "பார்க்கலாம்" என்றார். ஆகும் என்றோ ஆகாது என்றோ அந்தக் குரலில் தெரியவில்லை. கம்பெனியில் என்னைத் தையலிலிருந்து பெட்டி ஒட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஊசி குத்தாது, அந்த மட்டில் லாபம்.

நீங்களும் அதே மாத்திரைதானே போடுகிறீர்கள்? வீட்டில் இருக்கிற அட்டை எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். கேட்காமல் எதையும் கூடுதலாகப் போடாதீர்கள். எனக்கு இனி அனுப்ப வேண்டாம்.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. பாப்பா போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம். தொட்டால் எனக்குத் தெரியாது, வாசனை தெரியும்.

உங்கள் மகள்