ஒரே ஒரு பலூன்

மார்ச் 3, செவ்வாய்

தாடி வந்தார். தாடி என்பது இசைக்குழுத் தலைவருக்கு நான் வைத்த பெயர். பதிவு செய்த டிரம்ஸைக் கேட்டுவிட்டு, "அலமாரிக்குள்ள வச்சு அடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். அலமாரிக்குப் பக்கத்தில்தான் அடித்தார்கள். வீட்டின் பின்னறைதானே என் ஸ்டூடியோ.

எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் கைதட்டினால் சத்தம் மூன்று விநாடி நிற்கும். அந்த முழக்கத்தைப் பிடித்துத் தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். ஞாயிறுக்குள் தரவேண்டும். இல்லையென்றால் ஆல்பம் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும். இந்த வருடம் எனக்கு வந்த ஒரே பெரிய வேலை.

மார்ச் 4, புதன்

குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்டேன். பலூனை உடைத்து, அந்தச் சத்தம் படியெங்கும் மோதித் திரும்புவதைப் பதிவு செய்தால், கம்ப்யூட்டர் அந்த இடத்தின் குணத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் அங்கேயே எழுந்தது போல மாற்றித் தரும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டார்.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்றார்.

நாளை பதினொரு மணிக்கு, ஒரே ஒரு பலூன். இரண்டாவது வெடித்தால் கமிட்டி கூடுமாம்.

இதை இவரிடம், என் வீட்டுக்காரரிடம், சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். ஆபீஸில் தலைவலி என்று வந்ததும் படுத்துவிட்டார். இரண்டு வாரமாக இதே கதை.

மார்ச் 5, வியாழன்

உடைத்தேன். அருமையான முழக்கம். ஓடிவந்து டிரம்ஸில் போட்டேன்.

டம். ஒன்றரை விநாடி கழித்து — "ஹச்... யம்மா."

மறுபடி டம். மறுபடி "ஹச்... யம்மா." நாற்பது அடி, நாற்பது தும்மல். பலூன் வெடித்த கையோடு மேலே யாரோ தும்மியிருக்கிறார்கள். நான் ஹெட்போனைக்கூட மாட்டாமல், வெடித்ததே போதும் என்று வந்துவிட்டேன். அறிவு வேண்டாமா? தும்மலை வெட்டினால் முழக்கமும் கூடவே போகிறது.

மூன்றாம் மாடி பல் டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "நான் தும்மினா பேஷன்ட் வாய் என்ன ஆகும்?" என்றார். நியாயம்தான்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் முட்டைக்கு மிளகுத்தூள் போட்டேன். இவர் தும்மினார்.

"ஹச்... யம்மா."

கரண்டியோடு அப்படியே நின்றேன். ஆறு வருடமாகக் கேட்கிற தும்மல். மைக்கை மாற்றினால் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற காது இது. ஆனால்... நேற்று பதினொரு மணிக்கு இவர் ஆபீஸில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

பதினொரு மணிக்கு மாடிப்படி ஏறிப் போனேன். பூட்டிய மொட்டைமாடிக் கதவுக்கு முன்னால் பேப்பர் விரித்து, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்து, லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டு டப்பா.

"நம்ம வைஃபை இது வரைக்கும் வருது" என்றார்.

"அதுதான் முதல்ல சொல்லணுமா?"

தலையைக் குனிந்துகொண்டார். "வேலை போயிடுச்சு. பதினெட்டு நாளாச்சு. உன் ஆல்பம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தை முதலில் எடுத்தேன். பதினெட்டு நாள் டப்பா கட்டிக் கொடுத்திருக்கிறேன், நாலு மாடி ஏறுவதற்கு. கத்தினேன். கத்தியது மூன்று விநாடி நின்றது. தளத்துக்குத் தளம் கதவு திறந்தது.

மார்ச் 7, சனி

பேசவில்லை.

மாலையில் இவர் சட்டையை மாற்றிக்கொண்டு, "பதினாலு வருஷம் தண்ணி ஃபில்டர் வித்தவன், ஒரு பலூன விக்க முடியாதா?" என்று கிளம்பினார். பதினாறு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார். ஒன்பது மணிக்குத் திரும்பினார். நாளைக் காலை ஐந்து நிமிடம் யாரும் மூச்சுவிட மாட்டார்களாம். இரண்டாவது பலூனுக்குச் செயலாளர் எழுதியே கொடுத்துவிட்டார்.

என்ன சொன்னீங்க என்று கேட்டேன். "உள்ளதச் சொன்னேன். எனக்கு வேலை இல்ல, அவ வேலையாவது நிக்கணும்னு."

எல்லோரிடமும் சொல்லிவிட்டார். என்னிடம் சொல்லத்தான் பதினெட்டு நாள். இருந்தாலும் சூடாகச் சாப்பாடு போட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

செயலாளர் கீழே, உதட்டில் விரல் வைத்தபடி, தன் வாட்ச்மேனையே மிரட்டிக்கொண்டிருந்தார். மேலே இவர், மூக்கில் துணி கிளிப்போடு. உடைத்தேன். மூன்று விநாடியும் சுத்தம்.

தாடி இரண்டு முறை போட்டுக் கேட்டார். பிறகு, "எந்த மண்டபம்மா இது?" என்றார்.

மார்ச் 12, வியாழன்

தாடியின் நண்பருக்கு ஏதாவது பெரிய குடோனின் முழக்கம் வேண்டுமாம். குடோனுக்கு நான் எங்கே போவேன்? இவர் அதைக் கேட்டுக்கொண்டே ஷூவுக்குப் பாலிஷ் போட்டார்.

மார்ச் 16, திங்கள்

காலை ஒன்பது மணி. வழக்கம் போல ஷூ, சாப்பாட்டுப் பை.

"எங்க?" என்றேன்.

"குடோனுக்கு. பெர்மிஷன் வாங்கியாச்சு. பலூன எடுத்துக்கோ."

பையைத் திறந்து பார்த்தேன். இரண்டு டப்பா. மேலே துணி கிளிப்.