இனியாகிட்ட சொல்லிட்டோம், சுகன்யா

என் வாயாடி சுகன்யாவுக்கு,

முதல்லயே சொல்லிடறேன். நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டாலும் சரி, என்கூடப் பேச மாட்டேன்னாலும் சரி. உன் கையைப் பிடிச்சுப் பண்ணின சத்தியத்தை நான் மீறிட்டேன். நீ செத்துப்போன விஷயத்தை உன் பொண்ணுகிட்ட சொல்லியாச்சு.

"நாத்தனாரை நம்பினா இப்படித்தான்"னு நீ சிரிச்சுக்கிட்டே முரளிகிட்ட போட்டுக் கொடுப்பே. என் தம்பி வழக்கம்போல ரெண்டு பக்கமும் பார்த்துட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவான். இப்ப அந்த வீட்டுல டிவியே போடறது இல்லை. ஆஃபீஸ்ல இருந்து வந்தா ஷூவைக்கூடக் கழட்டாம சோஃபாவுல உட்கார்ந்துடறான். நான் போய்க் "கழட்டுடா"ன்னு சொன்னாத்தான் கழட்டறான்.

அன்னிக்கு ஆஸ்பத்திரியில என்கிட்ட என்ன கேட்டேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? வாயெல்லாம் உலர்ந்துபோய், ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்து. "அக்கா, இனியாவை இங்க கூட்டிட்டு வராதீங்க. என்னை இப்படிப் பார்க்க வேண்டாம். நான் போனப்புறமும் சொல்லாதீங்க. அம்மா இந்தியா போயிருக்கான்னு சொல்லுங்க. கொஞ்சம் பெரியவளாகட்டும்." நான் அழுதுக்கிட்டே சரின்னேன். சாகப் போறவ கேக்கறப்போ வேற என்னடி சொல்றது?

அது சுலபமான பொய்யா இருந்துச்சு, அதுதான் கொடுமை. நியூ ஜெர்சியில நம்ம மான்மவுத் ஜங்ஷன்ல எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் யாராவது ஒருத்தர் இந்தியா போயிருப்பாங்க. கல்யாணம், சாவு, விசா ஸ்டாம்பிங், மாமியாருக்கு முட்டி ஆபரேஷன். போவாங்க, முறுக்குப் பாக்கெட்டோட திரும்பி வருவாங்க. ஆறு வயசுப் பொண்ணுக்கு இந்தியாங்கறது எல்லா அம்மாவும் போயிட்டு வர்ற இடம். நாங்க சொன்னதை அவ கொஞ்சம்கூடச் சந்தேகப்படலை.

உன்னை எரிச்ச அன்னிக்கு அவளை எடிசன்ல ஒரு ஃப்ரெண்ட் வீட்டுக்கு விளையாட அனுப்பிட்டோம். அப்புறம் ஊரே சேர்ந்து நடிச்சுது. இந்தியன் ஸ்டோர்ல பார்க்கற ஆன்ட்டி எல்லாம் கண்ணைத் துடைச்சுட்டு, "அம்மா ஊர்ல நல்லா இருக்காளா கண்ணா?"ன்னு கேப்பாங்க. வீடியோ கால் ஏன் இல்லைன்னு அவ கேட்டா, சிக்னல் இல்லைன்னோம். திருச்சிக்கு ஃபோன் போட்டுக் கொடுத்தா, உங்க அம்மா "குளிக்கிறாடா தங்கம்", "கோயிலுக்குப் போயிருக்காடா"ன்னு சொல்லுவாங்க. பெத்த பொண்ணைப் பறிகொடுத்துட்டு, அவ குளிக்கிறான்னு சொல்ற நிலைமை அந்தம்மாவுக்கு. நீ ஆசைப்பட்டேன்னுதான் அவங்களும் சொன்னாங்க.

டிசம்பர் லீவுக்கு முரளி சென்னைக்கு டிக்கெட் போட்டான். உன் அஸ்தி இன்னும் அவன் ரூம் அலமாரியிலதான் இருக்கு. காவேரியில கரைக்கணும்னு உங்க அப்பாவுக்கு ஆசை. டிக்கெட் போட்டதை இனியா கேட்டுட்டா. அவ்வளவுதான், அவளோட குட்டிப் பெட்டியை இழுத்துப் போட்டுக்கிட்டு உனக்குச் சாமான் அடுக்க ஆரம்பிச்சுட்டா. உன்னோட அந்த நீல ஸ்வெட்டர், நீ ஃபிரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருந்த அவ படம். விழுந்த முன்பல்லை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வெச்சிருந்தா, உன்கிட்ட காட்டணுமாம்.

முரளி அதைப் பார்த்துட்டு வெளிய போய்க் காருக்குள்ள உட்கார்ந்துக்கிட்டான். நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். "ஏர்போர்ட்ல இறங்கினதும் அம்மா எங்கன்னு கேப்பாளேக்கா"ன்னான். என்ன சொல்றது? அங்கயும் போய்க் குளிக்கிறான்னா சொல்றது?

அந்த வாரமே ஸ்கூல்ல இருந்து கவுன்சலர் கூப்பிட்டாங்க. இனியா கிளாஸ்ல எழுந்து நின்னு, "நான் போய் எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரப் போறேன்"னு சொல்லியிருக்கா. நீ இல்லைன்னு ஸ்கூலுக்குத் தெரியும். அது பிள்ளைக்கே தெரியாதுங்கறது அப்பதான் அவங்களுக்குத் தெரிஞ்சுது. ஒரு இடத்தைச் சொன்னாங்க. யூதர்கள் நடத்தற குடும்பச் சேவை மையம். அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த குழந்தைங்களுக்கு அங்க புதன்கிழமை சாயங்காலம் ஒரு குரூப் நடக்குதாம்.

முரளி முடியவே முடியாதுன்னுட்டான். "நம்ம வீட்டு விஷயத்தை யாரோ ஒருத்தர்கிட்ட போய்ச் சொல்லிட்டிருக்கணுமா"ன்னான். நீயும் அதேதான் சொல்லியிருப்பே. நான்தான் ஃபோன் பண்ணினேன். எடுத்த எடுப்புல, "நாங்க ஹிந்து, பரவாயில்லையா?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவங்க, "குழந்தைக்கு நட்ஸ் அலர்ஜி ஏதாவது இருக்கா?"ன்னு என்னைத் திருப்பிக் கேட்டாங்க. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

முரளியையும் இழுத்துக்கிட்டுப் போனா, வாசக்கதவு பூட்டியிருக்கு. துப்பாக்கி வெச்ச செக்யூரிட்டி என் பையைத் திறந்து பார்த்துட்டுத்தான் உள்ள விட்டார். யாராவது வந்து சுட்டுடுவாங்கன்னு பயம், யூதர்களோட இடம்னா இப்ப அப்படித்தானாம். அம்மா செத்த குழந்தை அழறதுக்கு வர்ற இடத்துக்குத் துப்பாக்கிக் காவல் வேணும்னா, என்ன உலகம்டி இது? வாசல் நிலையில சாய்வா ஒரு சின்ன டப்பி மாதிரி அடிச்சிருந்தாங்க, அவங்க சாமி சமாச்சாரம் போல. எனக்கு முன்னாடி போன பெரியவர் அதைத் தொட்டு விரலுக்கு முத்தம் கொடுத்தார். நானும் பழக்க தோஷத்துல தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலை. உள்ள ஸ்பானிஷ் பேசற ஒரு அம்மா, இடுப்புல ஒரு குழந்தையும் கையில ஒரு குழந்தையுமா, அங்க இலவசமாக் கொடுக்கற அரிசியும் டின் சாமானும் பையில வாங்கிட்டு இருந்தாங்க.

எங்களைப் பார்த்தவங்க பேர் நவோமி. அங்க சோஷியல் வொர்க்கர். ஐம்பது வயசு இருக்கும், ஸ்னீக்கர்ஸ், கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு அதையே தேடற ஆள். எல்லாத்தையும் குறுக்க பேசாம கேட்டாங்க. அப்புறம் சொன்னாங்க, விஷயம் தெரியாத குழந்தையை குரூப்ல சேர்க்க முடியாதாம். அங்க வட்டமா உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தையும் தன் பேரைச் சொல்லி, தனக்கு யார் செத்துப்போனாங்கன்னு சொல்லுமாம். "நீங்கதான் சொல்லணும். நாங்க சொல்ல மாட்டோம், பக்கத்துல உட்காருவோம்"னாங்க. சாமிகிட்ட போயிட்டா, தூங்கறா, நட்சத்திரமாயிட்டா, இதெல்லாம் கூடாதாம். செத்துட்டான்னே சொல்லணுமாம்.

எனக்கு வந்துச்சே கோபம்! நம்ம மனுஷங்களைப் பத்தி அப்படியா வாய்விட்டுச் சொல்லுவோம்? "சாகப் போறவளுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன், அதெல்லாம் உங்களுக்குப் புரியாது"ன்னு கத்திட்டேன். நவோமி புரியுதுன்னாங்க. அவங்க அம்மா கடைசியில கேட்ட ஒண்ணை அவங்களாலயும் செய்ய முடியலையாம். என்னன்னு சொல்லலை. "குழந்தை கஷ்டப்படக் கூடாதுன்னுதானே சுகன்யா கேட்டாங்க? இப்ப அவ கஷ்டப்படாம இருக்காளான்னு மட்டும் பாருங்க"ன்னாங்க. வீட்டுக்கு வர்றப்போ காருலயே, சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிட்டோம்.

அடுத்த தடவை இனியாவையும் கூட்டிட்டு மூணு பேருமாப் போனோம். அந்த ரூம்ல பொம்மைங்க, ஒரு மணல் தொட்டி. இனியா கீழ உட்கார்ந்து மணலைக் கிளறிட்டு இருந்தா. முரளி சொல்றதாத்தான் ஏற்பாடு. வாயைத் திறந்தான், வார்த்தை வரலை. என்னைப் பார்த்தான். நான் முட்டி வலியோட மெதுவாத் தரையில இறங்கி உட்கார்ந்தேன். "இனியா, அத்தை சொல்றதைக் கேளு. அம்மா செத்துப்போயிட்டாடா. உடம்பு ரொம்ப முடியாம, ஆஸ்பத்திரியில. அம்மா இந்தியாவுக்குப் போகலை. நாங்க உன்கிட்ட பொய் சொல்லிட்டோம்."

அவ கை அப்படியே நின்னுச்சு. எப்பவும்போல இங்கிலீஷ்லதான் கேட்டா. "இந்தியாவுக்குப் போகவே இல்லையா?"

"இல்லடா."

"என்னை விட்டுட்டுப் போகலையா?"

"இல்லடா கண்ணா."

அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பார்க்காம, மணலைப் பார்த்துக்கிட்டே கேட்டா. "ஸோ, ஷி இஸ் நாட் மேட் அட் மீ?"

அம்மாவுக்கு என் மேல கோபம் இல்லையான்னு கேக்கறா, சுகன்யா.

நவோமி மெதுவா, ஏன் கோபம்னு கேட்டாங்க. அப்பதான் வெளிய வந்துச்சு. நீ ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் உன்னைத் தலை பின்னிவிடச் சொல்லியிருக்கா. கையைத் தூக்க முடியலைன்னு நீ சொல்லியிருக்கே. "எனக்கு வேற அம்மா வேணும்"னு கத்தியிருக்கா. நீ இதை எங்க யார்கிட்டயும் சொல்லலையே. குழந்தை ஏதோ கத்துதுன்னு அப்பவே மறந்திருப்பே. மறுநாள் அவ ஸ்கூல் விட்டு வந்தா வீட்டுல நீ இல்லை. கொஞ்ச நாள் கழிச்சு, இந்தியா போயிட்டேன்னு சொல்லிட்டோம். அவளா முடிவு பண்ணிட்டா. தான் அப்படிச் சொன்னதாலதான் நீ கிளம்பிட்டே. அதனாலதான் ஃபோனுக்கு வர மாட்டேங்கறே. அதனாலதான் எப்பக் கேட்டாலும் குளிச்சுக்கிட்டு இருக்கே. அந்தப் பெட்டி அடுக்கினதெல்லாம் உன்னைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வரத்தான்.

நீ செத்துட்டேன்னு கேட்டதும் அவ முகத்துல முதல்ல வந்தது நிம்மதிடி. நிம்மதி! அம்மா செத்துட்டான்னு கேட்டு ஒரு பிள்ளை மூச்சு விடுதுன்னா, அதை நாம எந்த நரகத்துல வெச்சிருந்தோம்? உன் சாவைவிட நம்ம பொய்தான் அவளை அதிகமா வதைச்சிருக்கு.

உன் மேல எனக்கு எவ்வளவு ஆத்திரம் தெரியுமா? கடைசியா ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்க விட்டிருக்கலாம் இல்ல? முடி கொட்டிப் போனா என்ன, முகம் வீங்கினா என்ன, அவளுக்கு நீ அம்மா இல்லாமப் போயிடுவியா? பதில் சொல்லேன். இத்தனை வாய் பேசுவியே, இப்ப சொல்லேன்.

அந்த நிம்மதி அன்னிக்கு மட்டும்தான் இருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் முரளியை அடிச்சா, கையைக் கடிச்சா. அவன் நகரவே இல்லை. இப்ப நாங்க எதைச் சொன்னாலும் நம்பறது இல்லை. பாத்ரூம்ல இருக்கேன்னா கதவைத் தட்டிப் பார்க்கறா. அப்பா ஆஃபீஸ்ல இருக்கான்னா படம் எடுத்து அனுப்பச் சொல்றா. படுக்கையை நனைக்கறா. திருச்சியில இருந்து ஃபோன் வந்தா வேற ரூமுக்குப் போயிடறா, உங்க அம்மா அங்க அழுதுக்கிட்டே வெச்சுடறாங்க. இதெல்லாம் எப்ப நிக்கும்னு நவோமிகிட்ட கேட்டேன். தெரியாதுன்னாங்க. சென்னை டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டோம். இனியா வரேன்னு சொல்றப்போ போய்க்கலாம்.

இந்தப் புதன்கிழமை முதல் தடவையா குரூப்புக்குப் போனா. எங்களை உள்ள விடலை, பெரியவங்களுக்கு வேற ரூம். முடிஞ்சு வெளிய வந்து, "அங்க எல்லாருக்கும் ஒருத்தர் செத்திருக்காங்க"ன்னு சொன்னா. காருல ஏறி சீட் பெல்ட் போட்டுக்கிட்டா. ரூட் ஒண்ணு ஹைவேயில டிராஃபிக் நகரலை. பின்னால இருந்து திடீர்னு கேட்டா. குரூப்ல ஒரு பொண்ணு அவங்க அப்பாவைக் கடைசியா ஆஸ்பத்திரியில போய்ப் பார்த்தாளாம். "என்னை ஏன் கூட்டிட்டுப் போகலை? யார் வேண்டாம்னு சொன்னது?"

சொல்றேன், ஆனா கார் ஓட்டிக்கிட்டு சொல்ல மாட்டேன், சனிக்கிழமை உட்கார்ந்து சொல்றேன்னேன். "ப்ராமிஸ்?"னா. ப்ராமிஸ்னேன். நாளைக்கு சனிக்கிழமை. அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிடணும்னுதான் இதை எழுதறேன்.

முரளி, நாமதான் வேண்டாம்னு முடிவு பண்ணினோம்னு சொல்லிடலாம்கறான். உன் பேரைக் காப்பாத்தப் பார்க்கறான், பாவம். நானும் யோசிச்சேன். பழியை என் தலையில போட்டுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லை, நாத்தனார்தானே. ஆனா என்னைக்காவது ஒருநாள் அவளுக்குத் தெரியவரும். அன்னிக்கு அவளுக்கு நம்பறதுக்கு யார் இருப்பா?

அதனால நாளைக்கு, நீதான் வேண்டாம்னு சொன்னேன்னு சொல்லப் போறேன். அவ அழுவா. உன்னை வெறுக்கறேன்னுகூடக் கத்துவா. கத்தட்டும், நான் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன். நீ பயந்துட்டேன்னு சொல்லுவேன். அவளைப் பார்த்தா சாக மனசு வராதுன்னு பயந்தியோ, உன்னைப் பார்த்தா அவ பயப்படுவான்னு பயந்தியோ, அது எனக்குத் தெரியாதுன்னும் சொல்லுவேன். இனிமே அவகிட்ட எதுக்காகவும் பொய் சொல்ல மாட்டேன், உன்னை நல்லவளாக் காட்டறதுக்காகக்கூட. இந்தச் சத்தியத்தை மீற மாட்டேன்.

உன் பொண்ணோட அத்தை,
வசந்தி