இரண்டு முகமுள்ள வண்டி

மயிலாப்பூர்
14-2-1949

சிரஞ்சீவி முருகையனுக்கு அப்பா ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம்தான், அவளுக்கு மூட்டுவலி, எனக்கு வாய், மற்றபடி குறையில்லை. நாகபுரிக் குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

நான் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய டிராம் வண்டிக்கு வந்த யோகத்தைக் கேள். அடையாறில் ஒரு ஜமீன்தார் பங்களாத் தோட்டத்தில் ரயில் மியூசியம் வைக்கிறாராம். ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கிவிட்டார். அடையாறுக்கு டிராம் தண்டவாளம் ஏது, நம்ம மெஹபூப் அலி மரம் ஏற்றுகிற நீள வண்டியில் அதை ஏற்றி, தன் ஜோடி மாட்டோடு இன்னும் இரண்டு ஜோடி இரவல் வாங்கிக் கட்டி இழுத்தான். மேற்பார்வைக்குக் கோட்டுப் போட்ட ஒரு இஞ்சினியர். மந்தவெளி தாண்டும்போது கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொன்னேன். "உன் டிரைவர் உத்தியோகம் முடிஞ்சுபோச்சு, ஓரமா நில்லு" என்றான். சரி ராசா, ஓரமாகவே நடந்தேன்.

பங்களா வாசலில்தான் கூத்து. டிராமின் ஒரு பக்க விளக்கை யாரோ ஷெட்டிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டான். விளக்கில்லாத பக்கம் வாசலைப் பார்த்து நின்றது, அது பின்பக்கமாம், பின்பக்கம் முதலில் நுழைந்தால் அபசகுனமாம், ஜமீன்தாரின் ஜோசியர் சொல்லிவிட்டார். டிராமுக்கு ஏதடா முன்னும் பின்னும்? லைன் முடிகிற இடத்தில் ஓட்டுகிற கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு அடுத்த கோடிக்கு நடந்தால் அதுதான் முகம். சின்ன வயசில் நீயே அந்தக் கைப்பிடியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்திருக்கிறாய். காரிலேயே பிறந்து வளர்ந்த மகான்களுக்கு அது எங்கே தெரியும். இருக்கிற விளக்கைக் கழற்றி இந்தப் பக்கம் மாட்டினால் ஐந்து நிமிஷ வேலை. இஞ்சினியரோ அந்தக் குறுகிய சந்தில் வண்டியை மாட்டோடு திருப்பச் சொன்னான். நான் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு மதிலில் சாய்ந்தேன், படித்த மேதை திருதிருவென்று முழிப்பதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று.

பாதி திரும்பியதும் சக்கரம் சாக்கடையில் இறங்கியது. நுகத்தடி முறுக்கி மெஹபூபின் செவலைக்கு முன்னங்கால் ஒடிந்தது. அது கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. இனி வண்டிக்கு ஆகாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு அவன் எப்படிப் பிழைப்பான். அவன் பெண்சாதி குல்சும் கஞ்சித்தண்ணியை செவலையின் வாயருகே வைத்துக்கொண்டு அழுகிறாள். டிராம் கடைசியில் விளக்கில்லாத பக்கமாகவே உள்ளே போயிற்று. ஜோசியர் அதற்கும் ஒரு பரிகாரம் வைத்திருந்தார்.

நேற்று மெஹபூபைப் பார்க்கப் போனேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்கிறான், "உனுக்கு இன்னா தெரியும் நைனா, தெரிஞ்சிருந்தா சொல்லாமலா இருப்பே" என்று. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இஞ்சினியரை இவ்வளவு திட்டி எழுதினேன், அவனுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும்.

உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே மெஹபூப் வீட்டுக்குத்தான் போகிறேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதே. முருகன் துணையிருப்பான், நீ நூறு வயசு வாழவேண்டும்.

இப்படிக்கு
ஓரமாக நின்ற உன் அப்பா
பொன்ராஜ்