கசிவு விகிதம்

செவ்வாய் வட நிலையம். மருத்துவப் பதிவு: டாக்டர் ஜெசிந்தா ராயப்பன்.

நாள் 412, காலை 07:10

வழக்கமான பதிவு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பு சரி. கமாண்டர் தவசிமுத்துவின் வாய்க்கொழுப்பும் குறையவில்லை. ஒரு மாதமாக நாங்கள் ஒலிபெருக்கி வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

இன்று குடல் பரிசோதனை. இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். சரக்குக் கலம் தரையில் மோதி நொறுங்கிவிட்டது. அடுத்தது வரும்வரை எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் சாப்பாடு இருக்கிறது. மற்றவர் ஒற்றை ஆள் மீட்புக் கலத்தில், உடலைக் குளிரவைத்து உறங்கியபடி பூமிக்குப் போக வேண்டும். அந்த உறக்கத்தில் நோய் எதிர்ப்புச் சக்தியும் உறங்கிவிடும். குடல் சுவரில் கசிவு இருந்தால் கிருமிகள் நேரே ரத்தத்தில் இறங்கும். ஆள் காலி.

நாள் 412, 08:00

இருவரும் வெறும் வயிற்றில் கரைசலைக் குடித்தோம். அதில் இரண்டு சர்க்கரைகள். மானிட்டால் சின்ன மூலக்கூறு. நல்ல குடலிலும் புகுந்துவிடும். லாக்டுலோஸ் பெரியது, சுவரில் இடைவெளி விழுந்திருந்தால்தான் புகும். உள்ளே போனதைச் சிறுநீரகம் அப்படியே வெளியே தள்ளும். ஆறு மணி நேரச் சிறுநீரைச் சிந்தாமல் பிடித்து, பெரியதைச் சின்னதால் வகுக்க வேண்டும். விகிதம் ஏறினால் குடல் கசிகிறது. அதுவரை தண்ணீர் தவிர எதையும் வாயில் போடக்கூடாது என்று அழுத்திச் சொன்னேன்.

தவசிமுத்து: "மூத்திரம் பிடிச்சு வைக்கவா டாக்டரம்மா உங்க வீட்ல அம்புட்டு செலவழிச்சுப் படிக்க வச்சாக?"

இந்த ஆளிடம் பேசுவது காற்றுக்குக் கேடு.

நாள் 412, 15:30

என் விகிதம் 0.09. அவருடையது 0.02. விதிப்படி 0.03-க்குள் இருப்பவர்தான் உறங்கலாம். முடிவைப் பூமிக்கு அனுப்பினேன்.

தரை நிலையத்தின் தணிகாசலம்: "கிடைச்சுது டாக்டர். நாளைக்கு மத்தியானம் தவசி கிளம்பட்டும். நீங்க தைரியமா இருங்க."

நாற்காலியில் சாய்ந்துகொண்டு யாரும் சொல்லலாம்.

தவசிமுத்து: "இது வைகைத் தண்ணி குடிச்ச வயிறு. ஃபில்டர் தண்ணி வயிறு இல்ல."

எரிகிறது. பொறாமையும்தான், அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

நாள் 413, 09:20

விகிதத்தை மட்டும் பார்த்தது என் அவசரம். இன்று மூல அளவுகளைத் திறந்தேன். நான் அவருக்குக் கொடுத்த மானிட்டால் இரண்டு கிராம். சிறுநீரில் வந்தது மூன்று. கொடுத்ததைவிட அதிகமாக எப்படி வரும்?

குப்பைப் பெட்டியில் விடை கிடந்தது. சர்க்கரை இல்லாத புதினா மிட்டாய் உறைகள், ஒரு முழுப் பாக்கெட். அதில் சாதாரணச் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்ப்பது இதே மானிட்டால். அதிகம் தின்றால் வயிறு போகும். நேற்று அவர் கழிவறைக்கு ஓடிக்கொண்டே இருந்தார், என் உப்புமாவைத் திட்டியபடி. சின்னச் சர்க்கரையைக் கூட்டிவிட்டார், விகிதம் தானாக இறங்கிவிட்டது. லாக்டுலோஸை மட்டும் பார்த்தால் என்னைவிட இரண்டு மடங்கு கசிவு. அந்தக் குடல் சல்லடை.

மிட்டாய் சோதனையைக் கெடுக்கும் என்று பயிற்சியில் வகுப்பெடுத்ததே நான்தான். முன் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவர் அவர்.

நாள் 413, 10:40

சொன்னால் கலம் போகாது. ஒருவர் சாப்பாட்டை இருவர் தின்று, இருவரும் இங்கே சாவோம். சொல்லாவிட்டால் அவர் வழியில் சாவார்.

ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். நேற்று ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

தவசிமுத்து: "பச்சத் தண்ணி தவிர பல்லுல படல. தோத்துட்டீக, ஒத்துக்கிட்டுப் போவீகளா. வெறும் நம்பர வச்சுப் பயம் காட்டுறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு."

வெறும் நம்பராம். உறக்கத்துக்குத் தகுதி என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

நாள் 413, 12:05

ஏவல் சரி.

தவசிமுத்து: "ஊருக்குப் போயி உங்க வீட்டுக்காரர்ட்ட சொல்றேன், நல்லா இருக்கீகன்னு. கோவத்த மனசுல வச்சுக்காதீக டாக்டரம்மா."

கடைசியில் போய் நல்ல வார்த்தை பேசுகிறான், பாவி.

நாள் 415, 11:15

தணிகாசலம்: "டாக்டர், தவசிக்கு உடம்பு சூடேறுது. இந்த உறக்கத்துல ஏறவே கூடாதே. இன்னைக்கு எழுப்பிட்டா கலத்தைத் திருப்பி உங்ககிட்டயே இறக்கிடலாம், மருந்து கொடுத்துக் காப்பாத்திடலாம். நாளைக்குன்னா முடியாது. சென்சார் கோளாறா, குடலா? நீங்க சொல்றதுதான் முடிவு."

நாள் 415, 11:50

குடல் என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி, மறுபடி அழித்தேன். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். எனக்கும் இருக்கிறாள். நான் அவரை ஏமாற்றச் சொல்லவில்லை. நான் மிட்டாய் ஊட்டவில்லை. எனக்குச் சாக விருப்பமில்லை, அவ்வளவுதான்.

அனுப்பிய பதில்: "விகிதம் 0.02. குடலில் கசிவில்லை. சென்சாரைச் சரிபார்க்கவும்."

நாள் 415, 13:20

தணிகாசலம்: "நல்ல வேளை, வயித்துல பாலை வார்த்தீங்க. எழுப்பல."

பசித்தது. அவர் பெயர் ஒட்டிய சாம்பார் சாதப் பாக்கெட்டைப் பிரித்து வெந்நீர் ஊற்றினேன். வழித்துச் சாப்பிட்டேன்.